எரிமலை வெடிப்பதால் மலை சரிகிறதா, மலை சரிவதால் எரிமலை வெடிக்கிறதா?

கேள்வி இதுதான்: “எரிமலை வெடித்தால் குழம்பு உச்சி வழியாகத்தானே மேலே வரும்? அப்புறம் ஏன் சில மலைகளில் ஒரு பக்கமே பெயர்ந்து விழுகிறது? வெடிப்பின் அதிர்ச்சி தாங்காமலா?”

பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் பார்த்த படம் ஒன்று உண்டு. கூம்பு வடிவ மலை, நடுவில் நேராக ஒரு குழாய், உச்சியில் நெருப்பு. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால், மலை சரிவது வெடிப்பின் பின்விளைவு என்றுதான் தோன்றும். ஆனால் எரிமலையியலில் மிக நன்றாகப் பதிவான ஒரு நிகழ்வில் வரிசை நேர் எதிராக இருந்தது. முதலில் மலை சரிந்தது. சரிந்ததால்தான் அது அப்படி வெடித்தது. இரண்டுக்கும் இடையே இருந்தவை சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளில் நடந்ததைப் புரிந்துகொண்டபிறகு உலகெங்கும் எரிமலைகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அதனால் பொதுப்படையாகப் பேசாமல் அந்த ஒரு மலையைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் செயின்ட் ஹெலன்ஸ்.

அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் ஹுவான் டி ஃபூகா என்ற சிறிய கடலடித் தட்டு, வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. போகும்போது தன் பாறைகளுக்குள் கடல்நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலே உள்ள சூடான பாறைக்குள் கசிந்ததும் பாறை உருகும் வெப்பநிலை குறைந்துவிடுகிறது. அப்படி உருகி மேலே வந்த குழம்பால் உருவானதுதான் கேஸ்கேட் மலைத்தொடரின் எரிமலை வரிசை. ரெய்னியர், ஷாஸ்டா, ஹுட், செயின்ட் ஹெலன்ஸ் எல்லாம் ஒரே குடும்பம்.

இந்தக் குழம்பு ஹவாயில் ஓடுகிற மாதிரியானது இல்லை. ஹவாய்க் குழம்பில் சிலிக்கா குறைவு, அதனால் நீர்த்து ஓடும். வாயுக்கள் சுலபமாகக் குமிழிட்டு வெளியேறிவிடும். செயின்ட் ஹெலன்ஸின் குழம்பு டெசைட் வகை. சிலிக்கா அதிகம், பிசுபிசுப்பு மிக அதிகம். பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலே இருக்கும் பாறையின் அழுத்தத்தில், எடையில் சில சதவீதம் நீர் அதற்குள் கரைந்தே கிடக்கும். அழுத்தம் இருக்கும்வரை அது சாது. அழுத்தம் குறைந்தால் கரைந்த நீர் ஆவியாகப் பிரியும். ஆவிக்கு நீரைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் வேண்டும். நீர்த்த குழம்பாக இருந்தால் குமிழி நழுவி வெளியே போய்விடும். இங்கே போக முடியாது. குழம்பே சுக்குநூறாகச் சிதறும். சாம்பல் என்று நாம் சொல்வது எதுவும் எரிந்து மிஞ்சியதல்ல, இப்படிச் சிதறிய கண்ணாடித் துகள்கள்தான்.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி கழுத்தை அடைத்திருக்கும்வரை உள்ளே குமிழியே தெரியாது. கோலியை அழுத்திய நொடியில் பொங்கும். எரிமலைக்குக் கோலியாக இருப்பது அதன் மேல் இருக்கும் மலையே.

1980க்கு முன்பு 123 ஆண்டுகள் செயின்ட் ஹெலன்ஸ் உறங்கியது. உயரம் 2,950 மீட்டர், உச்சியில் பனி, வடக்கு அடிவாரத்தில் ஸ்பிரிட் ஏரி, சுற்றிலும் கோடை விடுதிகள், மரம் வெட்டும் காடுகள். ஆனால் அது செத்த மலை என்று நிலவியலாளர்கள் யாரும் நினைக்கவில்லை. டுவைட் கிராண்டல், டொனால் முல்லினோ என்ற இருவர் அந்த மலையைச் சுற்றிப் பழைய சாம்பல் அடுக்குகளையும் சேற்றுப் படிவுகளையும் தோண்டிப் படித்து, இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இது மறுபடி வெடிக்கக்கூடும் என்று 1978இலேயே எழுதிவிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் சரியாகப் போனது.

1980 மார்ச் நடுவில் சின்னச் சின்ன அதிர்வுகள் ஆரம்பித்தன. மார்ச் 20 அன்று ரிக்டர் அளவில் 4ஐத் தாண்டிய நிலநடுக்கம். மார்ச் 27இல் உச்சியில் முதல் வெடிப்பு. பனியையும் கரும்புகையையும் கிளப்பிய அந்த வெடிப்பைப் பார்த்ததும் செய்தியாளர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் குவிந்தார்கள். ஆனால் விழுந்த சாம்பலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதில் புதுக் குழம்பின் தடயம் கிடைக்கவில்லை. எல்லாம் பழைய பாறை பொடிந்த தூள். அதாவது உள்ளே ஏறிய சூடு நிலத்தடி நீரைக் கொதிக்க வைத்து, நீராவிதான் பாறையை உடைத்துக்கொண்டிருந்தது. குழம்பு இன்னும் வெளியே வரவில்லை.

அப்படியென்றால் அந்தக் குழம்பு எங்கே? அது மலைக்குள்ளேயே, வடக்குப் பக்கத்துத் தோலுக்கு அடியில் புகுந்து தங்கிக்கொண்டிருந்தது. இதை ஆங்கிலத்தில் கிரிப்டோடோம் என்பார்கள். மறைந்திருக்கும் குழம்புத் திட்டு என்று சொல்லலாம். கூம்பின் நடுவே நேராக ஏறாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி வீங்கியது. வெளியே வடக்குச் சரிவு புடைக்க ஆரம்பித்தது. எவ்வளவு வேகமாக என்றால், நாளொன்றுக்கு ஒன்றரை முதல் 2 மீட்டர் வரை, வாரக்கணக்கில், நிற்காமல். ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு மலைச்சரிவு தினமும் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது என்றால் அதை மலை என்றே நம்பக் கஷ்டமாக இருக்கும். மே 17 வந்தபோது அந்தப் பகுதி இருந்த இடத்திலிருந்து 140 மீட்டருக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதற்குள் 10,000க்கு மேற்பட்ட அதிர்வுகள் பதிவாகியிருந்தன.

புடைப்பு மேல்நோக்கி அல்லாமல் பெரும்பாலும் பக்கவாட்டாக, வடக்கு நோக்கி நகர்ந்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது. சரிவு செங்குத்தாகிக்கொண்டே போனது. தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. நிலச்சரிவு நடக்கலாம் என்று நிபுணர்கள் பேசினார்கள், எச்சரித்தார்கள். ஆனால் சரிவு வருவதற்கு முன்பு புடைப்பின் வேகம் கூடும், வாயு கூடும், ஏதாவது ஒரு அறிகுறி முன்கூட்டிக் காட்டும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது.

அறிகுறி எதுவும் காட்டவில்லை. மலைக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் கண்காணிப்பு முகாம் இருந்தது. மே 17 மாலைவரை அங்கே வாரக்கணக்கில் இருந்தவர் ஹாரி கிளிக்கன் என்ற இளம் மாணவர். அன்று மாலை அவருக்குப் பதிலாக வந்து அமர்ந்தவர் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் டேவிட் ஜான்ஸ்டன், வயது 30. மே 18, ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணிக்குச் சற்று முன்பு லேசர் கருவியால் புடைப்பை அளந்து வானொலியில் எண்களைச் சொன்னார். முந்தைய நாட்களின் வேகம்தான். வாயுவிலும் வெப்பத்திலும் விசேஷமாக எதுவும் இல்லை.

8:32க்கு, மலைக்கு அடியில் 5.1 அளவில் ஒரு நிலநடுக்கம்.

அந்த நேரத்தில் உச்சிக்கு மேலே ஒரு சின்ன விமானம் பறந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் நிலவியலாளர்களான கணவனும் மனைவியும். எரிமலை வாயின் சுவரிலிருந்து கற்களும் பனியும் உள்பக்கமாக உதிர்வதை முதலில் பார்த்தார்கள். அடுத்த சில விநாடிகளில் வடக்குப் பக்கம் முழுவதும் குலுங்கி, அலையடித்து, அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. உடனே பிளவிலிருந்து வெடிப்பு. விமானி மூக்கைக் கீழே சாய்த்து வேகமெடுத்துத் தெற்கே திரும்பித் தப்பினார். அதே நேரத்தில், வடகிழக்கே சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில் முகாமிட்டிருந்த ஒருவர் கேமராவை அழுத்தத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் வரிசையாகப் பல படங்கள் எடுத்துவிட்டார். அந்தப் படங்கள்தான் இன்றைக்கு நமக்கு இருக்கும் சாட்சி.

அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கேள்விக்கான பதில் அப்படியே தெரிகிறது. முதல் படங்களில் புடைப்பு இருந்த பகுதி ஒரே பாளமாகக் கீழே இறங்குகிறது. புகை இல்லை, நெருப்பு இல்லை, வெறும் நிலச்சரிவு. அடுத்து, அதற்குப் பின்னால் இருந்த பகுதி, உச்சியையும் சேர்த்துக்கொண்டு, இரண்டாவது பாளமாக வழுக்குகிறது. இந்த இரண்டாவது பாளம் நகரும்போதுதான் அதன் அடியிலிருந்தும் முகத்திலிருந்தும் சாம்பல் மேகம் பீறிடுகிறது. பிறகு மூன்றாவது பாளம். அதற்குள் எல்லாம் மேகத்தில் மறைந்துவிடுகிறது.

உள்ளே நடந்தது இது. குழம்புத் திட்டின் மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்குப் பாறை அமுக்கிக்கொண்டிருந்தது. முதல் பாளம் நகர்ந்ததும் அந்தச் சுமையில் ஒரு பெரும்பகுதி ஒரே வீச்சில் நீங்கிவிட்டது. குழம்பில் கரைந்திருந்த நீர் மொத்தமாக ஆவியானது. திட்டைச் சுற்றியிருந்த பாறை இடுக்குகளில் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகியும் அழுத்தத்தால் திரவமாகவே இருந்த நிலத்தடி நீரும் அதே கணத்தில் ஆவியானது. திறந்திருந்த திசை வடக்கு. எனவே வெடிப்பு வடக்கு நோக்கி, கிடைமட்டமாகப் போனது. நிலநடுக்கத்தைக் குழம்பின் அசைவு கிளப்பியதா, சரிவின் தொடக்கமே நிலநடுக்கமாகத் தெரிந்ததா என்பதில் விவாதம் இருக்கிறது. ஆனால் சரிவுக்குப் பின்புதான் வெடிப்பு என்பதில் விவாதம் இல்லை.

சரிந்த பாறையின் அளவு சுமார் 2.5 கன கிலோமீட்டர். எழுதப்பட்ட வரலாற்றில் நிலத்தின்மீது நடந்த மிகப்பெரிய நிலச்சரிவு இதுதான். மணிக்கு 175 முதல் 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி டூட்டில் ஆற்றின் வடகிளைப் பள்ளத்தாக்கில் 22 கிலோமீட்டர் தூரம் ஓடியது. சராசரியாக 45 மீட்டர் ஆழத்துக்கு, சில இடங்களில் 180 மீட்டருக்கு, பள்ளத்தாக்கை நிரப்பியது. ஒரு பகுதி எதிரே இருந்த 350 மீட்டர் உயர மேட்டையே ஏறித் தாண்டியது. இன்னொரு பகுதி ஸ்பிரிட் ஏரியில் விழ, ஏரி நீர் எதிர்க்கரை மலையில் 260 மீட்டர் உயரத்துக்கு ஏறி, அங்கிருந்த காட்டை வேரோடு உரித்துக்கொண்டு திரும்பி வந்தது. ஏரியின் அடி நிரம்பிவிட்டதால் நீர்மட்டம் நிரந்தரமாக 60 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. அந்த மரக்கட்டைகள் பல பத்தாண்டுகள் கழித்தும் ஏரியின் மேல் மிதக்கின்றன. காற்றடிக்கும் பக்கமெல்லாம் அந்த மிதவை இடம் மாறும்.

பின்னால் கிளம்பிய வெடிப்பு முன்னால் போன நிலச்சரிவை வழியிலேயே முந்தியது. சாம்பலும் உடைந்த கல்லும் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வாயுவும் கலந்த கனத்த வெள்ளம் அது; வேகம் மணிக்கு 1,000 கிலோமீட்டரையும் தாண்டியிருக்கக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மேடு பள்ளம் பார்க்காமல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் காட்டை அழித்தது. மலைக்கு அருகே மரங்கள் இருந்த சுவடே இல்லை. அதற்கு அப்பால் பெரிய பெரிய மரங்கள் எல்லாம் வேகம் போன திசையிலேயே தலையை வைத்து வரிசையாகப் படுத்துக் கிடந்தன. மேடுகளைச் சுற்றி வளைந்த இடத்தில் மரங்களும் வளைந்த வரிசையில் கிடந்தன. விழுந்த மரத்தைப் பார்த்தே அந்த வெள்ளம் போன வழியை வரைபடமாக வரைய முடிந்தது. விளிம்பில் மரங்கள் நின்ற நிலையிலேயே கருகிச் செத்திருந்தன.

ஜான்ஸ்டன் இருந்த மேடு அதன் நேர் வழியில் இருந்தது. “வான்கூவர்! வான்கூவர்! இதுதான் அது!” என்று கண்காணிப்புத் தலைமையிடத்தை வானொலியில் அழைத்தார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. அந்த மேட்டுக்கு இப்போது அவர் பெயர். அன்று மொத்தம் 57 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தடை செய்யப்பட்ட எல்லைக்கு வெளியே இருந்தவர்கள். எல்லை போட்டவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வெடிப்பு மேலே போகும் என்ற கணக்கில் வட்டம் போட்டால் போதும் என்று தோன்றும். பக்கவாட்டில் வெடித்தால் ஒரு திசையில் அந்த வட்டத்துக்கு அர்த்தமே இல்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது ஞாயிறு காலை. வேலை நாளாக இருந்திருந்தால் நூற்றுக்கணக்கான மரம் வெட்டுபவர்கள் அந்தக் காட்டில் இருந்திருப்பார்கள். விடுதிச் சொந்தக்காரர்கள் தங்கள் சாமான்களை எடுத்து வர அன்று காலை 10 மணிக்கு உள்ளே போக அனுமதி தரப்பட்டிருந்தது. ஒன்றரை மணி நேர வித்தியாசத்தில் அந்தக் கூட்டமும் தப்பியது.

பாடப்புத்தகத்தில் வரும் வெடிப்பு இதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. மேலே இருந்த மூடி போய்விட்டதால் ஆழத்திலிருந்த குழம்பின் அழுத்தமும் குறைந்தது. அது நுரைத்து ஏறியது. 15 நிமிடத்துக்குள் சாம்பல் தூண் 24 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. 9 மணி நேரம் ஓயவில்லை. யாக்கிமா, ஸ்போகேன் நகரங்களில் பட்டப்பகலில் தெரு விளக்கு எரிந்தது. பனி உருகிய நீரும் சரிந்த மண்ணும் சேர்ந்த சேற்று வெள்ளம், லஹார் என்பார்கள், டூட்டில், கவுலிட்ஸ் ஆறுகளில் இறங்கி 27 பாலங்களையும் 200 வீடுகளையும் கொண்டுபோனது. கொலம்பியா ஆற்றில் கப்பல் போகும் பாதை 12 மீட்டர் ஆழத்திலிருந்து 4 மீட்டருக்குத் தூர்ந்தது. மாலையில் மலையின் உயரம் 400 மீட்டர் குறைந்திருந்தது. வடக்கே திறந்த குதிரை லாடம் போல ஒரு பள்ளம்தான் மிச்சம்.

சரி, மலை ஏன் இவ்வளவு சுலபமாகச் சரிகிறது? இங்கேதான் நாம் மலை என்ற சொல்லைக் கேட்டதும் நினைப்பது வேறு, எரிமலை வேறு. நீலகிரி மாதிரி மலைகள் பூமியின் ஆழத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்து இறுகிய பாறை. கூம்பு எரிமலை அப்படியல்ல. தன்மேல் தானே கொட்டிக்கொண்ட குவியல். ஒரு அடுக்கு இறுகிய குழம்பு, அதன்மேல் ஒரு அடுக்கு சாம்பல், மேலே உடைந்த கல், மறுபடி குழம்பு. எல்லா அடுக்கும் சரிவின் திசையிலேயே வெளிநோக்கிச் சாய்ந்திருக்கும். அதாவது வழுக்குவதற்கு வசதியாகவே கட்டப்பட்டிருக்கிறது. அதுவும் மிகக் குறுகிய காலத்தில். செயின்ட் ஹெலன்ஸின் கண்ணில் தெரிந்த கூம்பில் பெரும்பகுதி கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில்தான் எழுந்தது.

அதைவிட மோசமானது உள்ளே நடக்கும் அரிப்பு. குழம்பிலிருந்து பிரியும் கந்தக வாயுக்கள் நிலத்தடி நீரில் கரைந்து அமிலமாகின்றன. அந்தச் சூடான அமிலம் நூற்றாண்டுக் கணக்கில் பாறை இடுக்குகளில் ஊறி ஊறி, கெட்டிப் பாறையைக் களிமண்ணாக்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் பனி மூடிய கம்பீரமான சிகரம். உள்ளே கையால் பிசைந்தால் நெகிழும் மண். இதில் நீர் தேங்கினால் துளைகளுக்குள் நீரழுத்தம் கூடி, ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் பற்றி நிற்கும் பிடி தளர்கிறது. குழம்பு சூடேற்றினால் அந்த நீரழுத்தம் இன்னும் ஏறும். அந்த நிலையில் சரிவதற்குப் பெரிய வெடிப்பு தேவையே இல்லை. ஒரு நடுத்தர நிலநடுக்கம் போதும், நீண்ட மழை போதும், சில சமயம் எதுவும் இல்லாமல் எடையே போதும்.

அதனால்தான் புதுக் குழம்பே வெளியே வராமல் எரிமலை சரிந்த சம்பவங்களும் உண்டு. ஜப்பானின் பண்டாய் மலை 1888 ஜூலை 15 காலையில் நீராவி வெடிப்போடு சரிந்தது. குழம்பு ஒரு துளி வரவில்லை. ஊர்கள் புதைந்து 477 பேர் இறந்தார்கள். சரிந்த மண் ஆறுகளை அடைத்ததில் பிறந்த ஏரிகள்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் படகு விடும் ஹிபாரா, ஓனோகாவா, அகிமோட்டோ. அதற்கும் முன்பு, 1792 மே மாதம், அதே நாட்டின் உன்சென் எரிமலைக் கூட்டத்தைச் சேர்ந்த மாயுயாமா என்ற பழைய குழம்புக் குன்று நிலநடுக்கத்தில் பெயர்ந்து, ஷிமாபாரா நகரத்தின் வழியாகக் கடலில் விழுந்தது. எழுந்த சுனாமி விரிகுடாவின் எதிர்க்கரையையும் அடித்தது. இறந்தவர்கள் சுமார் 15,000 பேர். ஜப்பானில் எரிமலையால் நேர்ந்த மிகப்பெரிய உயிரிழப்பு அதுதான், அதிலும் கொன்றது வெடிப்பு அல்ல, சரிவு.

இவையெல்லாம் முன்பே தெரிந்திருந்தும் ஏன் 1980 வரை இதைப் பெரிய பொதுவான ஆபத்தாக யாரும் பார்க்கவில்லை? ரஷ்யாவின் கம்சாட்காவில் பெசிமியானி எரிமலை 1956 மார்ச் 30இல் ஏறக்குறைய இதே மாதிரி பக்கவாட்டில் வெடித்திருந்தது. சோவியத் நிலவியலாளர் கோர்ஷ்கோவ் அதை விரிவாக எழுதியிருந்தார். ஆனால் அது ஆளரவம் இல்லாத இடம், நடந்ததை நேரில் பார்த்தவர் இல்லை. அங்கேயும் முதலில் சரிவுதான் நடந்தது என்பது செயின்ட் ஹெலன்ஸுக்குப் பிறகுதான் தெளிவானது.

இங்கே மறுபடி ஹாரி கிளிக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தான் இருந்த இடத்துக்கு வந்து ஜான்ஸ்டன் இறந்தார் என்ற பாரத்தோடு கிளிக்கன் அந்த நிலச்சரிவு படிவையே தன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். 60 சதுர கிலோமீட்டருக்குப் பரந்த அந்த மண்ணை நடந்து நடந்து வரைபடமாக்கினார். சரிந்த மண் சமதளமாகப் பரவவில்லை. நூற்றுக்கணக்கான சிறு குன்றுகளாக நின்றது. ஒவ்வொரு குன்றையும் வெட்டிப் பார்த்தால் மலையின் ஏதோ ஒரு துண்டு: அடுக்கு கலையாத, நொறுங்கியும் வடிவம் மாறாத துண்டு. எந்தக் குன்று மலையின் எந்த இடத்திலிருந்து வந்தது என்றுகூட அடையாளம் காண முடிந்தது. அதாவது மலை பொடியாகிப் பறக்கவில்லை. பாளம் பாளமாக உடைந்து, ஒவ்வொன்றும் தன்னிடமிருந்த அடுக்கோடு சறுக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

இந்த அடையாளம் கையில் கிடைத்ததும் உலகம் முழுக்க நிலவியலாளர்கள் தங்களுக்குத் தெரிந்த எரிமலைகளின் அடிவாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கலிபோர்னியாவில் ஷாஸ்டா மலைக்கு வடக்கே விளங்காமல் நின்ற நூற்றுக்கணக்கான குன்றுகள், லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அதன் மூதாதை மலை சரிந்த மண் என்று புரிந்தது. செயின்ட் ஹெலன்ஸைவிடப் பல மடங்கு பெரிய சரிவு அது. ஜாவாவின் காலுங்குங் மலைக்குக் கீழே தாசிக்மாலயா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளும் அப்படியே. தேடத் தேட நூற்றுக்கணக்கான எரிமலைகளில் இந்தத் தழும்பு கிடைத்தது. ஒரே மலை வளர்வதும் சரிவதும் மறுபடி வளர்வதுமாகப் பல முறை நடந்திருக்கிறது. கூம்பு எரிமலையின் வாழ்க்கையில் சரிவு ஒரு விபத்து என்று சொல்லிவிட முடியாது. அது வளரும் விதத்திலேயே இருக்கிறது.

கிளிக்கனும் எரிமலையில்தான் இறந்தார். 1991 ஜூன் 3 அன்று, மேலே சொன்ன அதே உன்சென்னில். அப்போது அதன் உச்சியில் பிசுபிசுத்த குழம்பு வெளியே வந்து திட்டாகக் குவிந்து, விளிம்பு கனம் தாங்காமல் அடிக்கடி இடிந்துகொண்டிருந்தது. இடிந்த ஒவ்வொரு துண்டும் சிதறி, உள்ளே அடைபட்டிருந்த வாயுவை விடுவித்து, கொதிக்கும் சாம்பல் வெள்ளமாகப் பள்ளத்தாக்கில் பாயும். அன்று வந்தது எதிர்பார்த்ததைவிடப் பெரியது. படமெடுத்துக்கொண்டிருந்த மோரீஸ், காத்யா கிராஃப்ட் என்ற பிரெஞ்சு எரிமலையியலாளர் தம்பதியோடு கிளிக்கனும், செய்தியாளர்களும் தீயணைப்பு வீரர்களுமாக 43 பேர் இறந்தார்கள். சரிவு எப்படி வெடிப்பாகிறது என்று நமக்குச் சொல்லித் தந்தவரை இன்னொரு சரிவே கொண்டுபோனது. எனக்கு இது படிக்கும்போதெல்லாம் மனதைப் பிசையும்.

அடுத்தது கடல். எரிமலை தீவாக இருந்தால் சரியும் பக்கம் நேராக நீரில் இறங்கும். இந்தோனேசியாவின் அனக் கிரகடோவா அப்படிப்பட்டது. 1883இல் தாய்த்தீவான கிரகடோவா வெடித்துத் தகர்ந்தபோது எழுந்த சுனாமி சுந்தா நீரிணையின் இருபுறமும் 36,000 பேருக்கு மேல் கொன்றது. அலையின் மிச்சத்தை நம் சென்னை, நாகப்பட்டினத் துறைமுகங்களின் அலைமானிகள்கூடப் பதிவு செய்தன. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் 1927இல் கடலுக்கு மேல் தலைகாட்டிய குட்டித் தீவுதான் அனக். ஒரு பக்கம் செங்குத்தான கடலடிப் பள்ளம், அதன் ஓரத்தில் ஏறிக்கொண்டே போகும் கூம்பு. இதன் தென்மேற்குப் பக்கம் சரிந்தால் என்ன நடக்கும் என்று 2012இலேயே ஒரு ஆய்வுக் குழு கணினியில் கணக்கிட்டுக் காட்டியிருந்தது.

2018 டிசம்பர் 22, இரவு 9 மணி வாக்கில் அதே தென்மேற்குப் பக்கம் சரிந்தது. அப்போது எரிமலை பொங்கிக்கொண்டுதான் இருந்தது, மாதக்கணக்காகவே அப்படி. அன்றைக்கென்று பெரிதாக எதுவும் இல்லை. 338 மீட்டர் உயரமாக இருந்த கூம்பு சில நாட்களில் 110 மீட்டர் ஆனது. அலை ஜாவா, சுமத்ரா கரைகளுக்கு வர அரை மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை. 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ஏனென்றால் அங்கே சுனாமி எச்சரிக்கை முறை பெரிய நிலநடுக்கத்தைக் கேட்டு எழும்படி அமைக்கப்பட்டது. மலை சரிந்ததில் அப்படி ஒரு நிலநடுக்கம் இல்லை. கடற்கரையில் இருந்தவர்களுக்கு நிலம் அதிரவும் இல்லை, கடல் முதலில் உள்வாங்கவும் இல்லை. 2004க்குப் பிறகு நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அந்த இரண்டு அறிகுறிகளும் எரிமலைச் சரிவுச் சுனாமியில் வராமலே போகலாம்.

அனக்கில் குழம்பு நீரோடு நேராகச் சந்தித்ததால் சரிவுக்குப் பிறகு வெடிப்பின் குணமே மாறியது. பொங்கல் நின்று, கடல்நீரைத் தொட்ட குழம்பு பலத்த வெடிப்புகளாகச் சிதறியது. இங்கேயும் சரிவு முன்னால், பெரிய வெடிப்பு பின்னால்.

எல்லா எரிமலையும் இப்படிச் சரியுமா என்றால், இல்லை. ஹவாய் மாதிரி தட்டையாகப் பரந்த எரிமலைகளில் பக்கங்கள் மெல்ல மெல்ல கடல் பக்கம் நகர்வதுதான் வழக்கம். பிரம்மாண்டமான சரிவுகள் அங்கும் நடந்திருக்கின்றன, ஆனால் இடைவெளி மிக நீண்டது. கவலை தருபவை உயரமான, செங்குத்தான, உள்ளே களிமண்ணாகிப்போன, பனி அல்லது நீர் நிறைந்த கூம்புகள். அந்தக் கணக்கில் இன்று நிபுணர்கள் அதிகம் கவனிக்கும் மலைகளில் ஒன்று, செயின்ட் ஹெலன்ஸுக்கு வடக்கே நிற்கும் ரெய்னியர். சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன்பு அதன் களிமண்ணாகிப்போன உச்சிப்பகுதி சரிந்து, ஓசியோலா சேற்று வெள்ளமாக ஓடி, கடற்கழிமுகம் வரை போனது. அந்தச் சேற்றின் மேல்தான் இன்றைக்குப் பல ஊர்கள் இருக்கின்றன. மேற்குப் பக்கத்துப் பாறை இன்னும் வலுவற்றது. அங்கே சேற்று வெள்ளம் கிளம்ப வெடிப்பு தேவைப்படாமலும் போகலாம் என்பதால், ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் நில அதிர்வைக் கேட்கும் கருவிகளைப் புதைத்து, வெள்ளம் ஓடும் சத்தத்தையே எச்சரிக்கையாக மாற்றியிருக்கிறார்கள். ஆர்டிங் போன்ற ஊர்களுக்கு மணி அடித்ததிலிருந்து சேறு வந்து சேரச் சுமார் ஒரு மணி நேரம், சில இடங்களில் அதைவிடக் குறைவு. வண்டியில் ஏறினால் சாலை அடைத்துக்கொள்ளும். அதனால் அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அவ்வப்போது வகுப்பைவிட்டு வரிசையாகக் கிளம்பி, மேட்டு நிலம் வரை நடந்தே போய்ப் பழகுகிறார்கள்.